புதிய கார்கள் நம் சாலைக்கும் நாம் ஓட்டும் விதத்துக்கும் ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தாம்பரத்தில் இருக்கிறார். தினமும் கிண்டிக்கு அலுவலகம். மாதம் ஒருமுறை அப்பா, அம்மா, மனைவி, ஆறு வயது மகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி. 2010-இல் வாங்கிய சின்னக் காரை மாற்றப் போகிறார். அடாஸ் (கேமரா, ரேடார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் கருவிகள்) இல்லாத வண்டியை இனி வாங்கவே கூடாது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அதெல்லாம் வெளிநாட்டு ரோட்டுக்குச் செய்தது, நம் ஊரில் வெறும் தலைவலி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போது வரும் கார்கள் நம் சாலைக்கும் நாம் ஓட்டுகிற விதத்துக்கும் உண்மையிலேயே பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி. அவரிடமே பேசுகிற மாதிரி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. நாம் ஓட்டும் விதத்துக்குப் பாதிதான் பொருந்துகின்றன, மீதிப் பாதியில் பெரும்பகுதி காரின் குறையும் இல்லை.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுப் பல வருடம் சர்வீஸ் சென்டரில் இருந்தவன், இப்போது இன்சூரன்ஸ் சர்வேயராக விபத்து வண்டிகளைப் பார்க்கிறேன். அதனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என்னிடம் வருவது அடிபட்ட, பழுதான வண்டிகள் மட்டும்தான். பிரச்சினை இல்லாமல் ஓடுகிற வண்டி என் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே எது உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நூற்றுக்கு எத்தனை வண்டியில் அப்படி ஆகிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வது நியாயமாக இருக்காது.

வெளிநாட்டு ரோட்டுக்குச் செய்த வண்டி என்ற பேச்சு இன்று பெரும்பாலும் பொருந்தாது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட, சின்ன எஞ்சின் கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. அதற்குப் பிறகு இந்தியாவுக்கென்றே ஒரு வகை கார் உருவானது. டிக்கியை வெட்டியது மாதிரி நிற்கும் குட்டி செடான்களும், இன்று தெருவெங்கும் ஓடும் குட்டி எஸ்யூவிகளும் அந்த விதியின் பிள்ளைகள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி வரி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்பதால் இந்தப் போக்கு இன்னும் வலுப்படும். இந்த வண்டிகளின் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், ஏசி, ஹாரன் வரை இங்கே ஓட்டிப் பார்த்துதான் முடிவு செய்கிறார்கள். 42 டிகிரி வெயிலில் வேலூரில் ஏசி நிற்காமல் வேலை செய்வது தற்செயல் இல்லை.

அப்படியும் அடிவயிறு உரசுகிறதே என்றால், அதில் தப்பு பெரும்பாலும் வேகத்தடையின் மேல்தான். சாலை அமைப்பதற்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் யாருக்கும் இடுப்பு நோகாமல் தாண்டக்கூடிய அளவு அது. நம் தெருக்களில் ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு ராத்திரியோடு ராத்திரியாகப் போடுவது ஒரு முழ அகலத்துக் கான்கிரீட் மேடு. முன்சக்கரம் இறங்கிய பின் நடுவயிறு அதன்மேல் உட்காரும். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது ரோட்டிலிருந்து வண்டியின் அடிவயிறு இருக்கும் உயரம், எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் எவ்வளவு நீளம் என்றும் பாருங்கள். நீளம் கூடக்கூட அதே உயரத்திலும் அடி தட்டும். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலி வண்டியின் உயரம், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் அது சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் கிழிந்து, ஆயில் ஒழுக ஒழுக எச்சரிக்கை விளக்கைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சினையே இறுகிப்போக வைத்த வண்டிகள் எனக்கு வாடிக்கையான வேலை. அடியில் ஏதாவது தட்டிய சத்தம் கேட்டால் ஐந்து நிமிடம் ஓரங்கட்டி, கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

சாலைக்குப் பொருந்தாத ஒரே பெரிய விஷயம் என்று நான் கருதுவது டயர். அதையும் காசு கொடுத்து நாமே கேட்டு வாங்குகிறோம். ஒரே மாடலில் கீழ் வேரியண்ட்டுக்கு 215/60 ஆர்16 (215 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 16 அங்குல ரிம்) என்றால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 129 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. அழகுக்காக 215/45 ஆர்17 போட்டால் 97 மில்லிமீட்டர்தான். குழியின் விளிம்பில் 60 கி.மீ. வேகத்தில் மோதும்போது காப்பாற்றுவது அந்த ரப்பர் உயரம்தான். அது போதாதபோது டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறுந்துபோகும். வெளியே வெட்டு தெரியாது. ஒன்றிரண்டு நாளில் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு வரும். புடைப்போடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள், அதற்குப் பஞ்சரும் போட முடியாது. டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். பெரிய ரிம் வரும் மேல் வேரியண்ட்டை விட ஒரு படி கீழே வாங்குவது இந்த ஒரு காரணத்துக்காகவே புத்திசாலித்தனம். ஸ்டெப்னி முழு அளவா, மெலிந்த தற்காலிகச் சக்கரமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி இரவு 11 மணிக்கு அது முக்கியமாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்துகிறார்களே, அது சரியான பயம். எந்தக் காருமே தேங்கிய நீரில் நீந்தச் செய்ததில்லை. நீர் மட்டம் எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்கு வந்துவிட்டால் சிலிண்டருக்குள் நீர் போகும். நீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்வதுதான் அந்த எஞ்சினைக் கொல்வது. நீர் புகுந்து வந்த எஞ்சின் சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். தாம்பரம் பக்கம் என்பதால் அதைத் தவறாமல் எடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 என்ற புகை அளவு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியை அது அவ்வப்போது சூடாக்கி எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காத, சீரான ஓட்டம் வேண்டும். நீங்கள் கிண்டிக்குப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) காலை எட்டரை மணிக்கு அது எங்கே கிடைக்கும்? தூரம் இருக்கிறது, வேகம் இல்லை. எரிப்பு பாதியில் நின்று நின்று வடிகட்டி அடைக்கும், டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், விளக்கு எரியும். மாதம் ஒரு திருநெல்வேலிப் பயணம் அதைச் சரிசெய்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அப்படி நடக்கவும் செய்கிறது, ஆனால் அதை நம்பி வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர், சீல் எல்லாம் அதைத் தாங்கும்படி செய்தவை. ஆகவே புது வண்டியில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் எடுப்பதாக இருந்தால், நகர நெரிசலில் நிம்மதியாக இருப்பது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், கியர் படிகளே இல்லாத சிவிடியும். சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொடுக்கும் ஏஎம்டி மலிவு, கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். இரண்டு கிளட்ச் வைத்துக் கியர் மாற்றும் டிசிடியில் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை நெடுஞ்சாலையில் அருமை, ஆனால் அடி அடியாக நகரும் நெரிசலில் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை வருவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கில் நில்லுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட பாதுகாப்பு எலெக்ட்ரானிக்ஸ். இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறோம். ஓங்கிப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டாமல் பார்க்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி, ஏர்பேக் ஆகியவை காரின் சக்கரத்தையும் அதன் உடம்பையும் மட்டும் கவனிப்பவை. வெளியே மாடு நிற்கிறதா, கோடு போட்டிருக்கிறதா என்பது அவற்றுக்குத் தேவையே இல்லை. ஆகவே ஜெர்மனியில் எப்படி வேலை செய்யுமோ அப்படியே விக்கிரவாண்டியிலும் வேலை செய்யும். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். இஎஸ்சியைப் பொறுத்தவரை, கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க அது எல்லா வேரியண்ட்டிலும் இருந்தாக வேண்டும். கிளெய்ம் படிவத்தில் நான் அதிகம் படிக்கும் வாக்கியம் "நாய் குறுக்கே ஓடியது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி கட்டுப்பாட்டை இழந்தது" என்பதுதான். அந்த நொடிக்கென்றே செய்தது இஎஸ்சி. வண்டி பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்கும். நம் சாலைக்கு ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அடாஸ் வேறு சாதி. அது கேமராவாலும் ரேடாராலும் வெளியுலகத்தைப் பார்த்து, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறது. அதன் ஊகங்கள் ஒழுங்கான சாலையை வைத்துச் செய்தவை, அதனால் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும். முன்னால் மோதப் போகிறாய் என்று கத்தும் எச்சரிக்கையும், கடைசி நொடியில் தானே பிரேக் போடுவதும் இங்கேயும் பயனுள்ளவை. முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும்போது, நாம் போனைப் பார்த்த அந்த ஒரு நொடியில், அது உயிர் காக்கும். ஆனால் விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர், ராத்திரியில் ஓரத்தில் பாதி ரோட்டை மறித்து நிற்கும் பழுதான லாரி, எதிர்த்திசையில் வரும் பைக் இவற்றையெல்லாம் அது கட்டாயம் பிடிக்கும் என்று நம்பி ஓட்டக்கூடாது. பல வண்டிகளின் கையேட்டிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது, நாம் படிப்பதில்லை.

முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானாகப் போகும் குரூஸ், திண்டிவனம் தாண்டிய நான்குவழிச் சாலையில் காலை நேரத்தில் சுகம். நெரிசல் கூடியதும் கதை மாறும். அது விடுகிற இடைவெளியைப் பார்த்ததும் ஒரு பைக்கோ ஷேர் ஆட்டோவோ உள்ளே நுழையும், கார் பிரேக் போடும், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். தடத்தைப் பிடித்து வைக்கும் லேன் அசிஸ்ட்டை நகருக்குள் அணைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். குழியைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் லேசாக ஒதுங்கும்போது அது ஸ்டியரிங்கை உங்கள் கையிலிருந்து குழியை நோக்கியே இழுக்கப் பார்க்கும். பெரிய பலம் இல்லை, கையால் வெல்லலாம். ஆனால் பழகாத ஒருவர் அந்த இழுப்பில் பதறிவிடுவார். சில வண்டிகளில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது திரும்ப இயங்க ஆரம்பித்துவிடும், டெஸ்ட் டிரைவிலேயே கேளுங்கள். இன்னொன்று, முன்கண்ணாடியில் கல் பட்டு மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் வண்டியில் வெளிக்கடை பம்பர் கார்டு போட்டால் அதன் கண்ணைக் கட்டிய மாதிரிதான்.

டச் ஸ்கிரீன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசியின் வேகத்தையும் கண்ணாடிப் பனியை விலக்குவதையும் திரைக்குள் ஒளித்து வைத்த வண்டியை வாங்காதீர்கள். மழையில் இரண்டு முறை தேவைப்பட்டால் ஏன் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் விட என்னை உறுத்துவது வேறு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 16,715 பேர் சீட்பெல்ட் போடாதவர்கள், அதிலும் பாதிக்குப் பக்கம் ஓட்டுநர்கள் இல்லை, உடன் வந்தவர்கள். பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று இன்னும் கேட்கிறோம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த, மிகப் பாதுகாப்பான காரின் பின்சீட்டில்தான். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றார்கள் போலீசார். பெல்ட் போடாவிட்டால் கத்தும் எச்சரிக்கையை ஏமாற்ற வெறும் கொக்கி ஒன்று விற்றார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களை அதை விற்கக்கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. வாங்க ஆள் இருந்ததால்தானே விற்றார்கள்?

விபத்து வண்டியைப் பார்க்கப் போனால் நான் முதலில் தொடுவது பெல்ட்டைத்தான். மோதலில் ஏர்பேக் வெடிக்கும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் கூடவே வெடிக்கும், அந்த இடத்திலேயே பெல்ட் பூட்டிக்கொள்ளும். போட்டிருந்தால் அது ஓர் ஆள் மார்பளவுக்கு வெளியே தொங்கிக்கொண்டு, உள்ளே சுருளாமல் நிற்கும். போடாமல் இருந்திருந்தால் கதவுத் தூணோடு ஒட்டி விறைத்துக் கிடக்கும், இழுத்தாலும் வராது. ஸ்டியரிங் மேல் ஏர்பேக் விரிந்து, பெல்ட் தூணோடு ஒட்டியிருக்கும் வண்டியைப் பார்க்கும்போது ஓட்டியவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்கவே தயக்கமாக இருக்கும். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிறவர் மேல் விரியும் ஏர்பேக் மெத்தை இல்லை, அது அடி. ஸ்டியரிங்குக்கும் உங்கள் மார்புக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும் என்பதும் அதனால்தான். நம்மில் பலர், குறிப்பாகக் குள்ளமானவர்கள், பானெட் தெரிய வேண்டும் என்று ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்காருகிறோம். சீட்டை உயர்த்திவிட்டுப் பின்னால் தள்ளினால் இரண்டும் கிடைக்கும். பெரும்பாலான புது வண்டிகளில் அந்த வசதி இருக்கிறது.

ஏபிஎஸ்ஸிலும் இதே கதைதான். ஓட்டுநர் பள்ளியில் பிரேக்கை விட்டு விட்டு மிதி, வழுக்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அது சரி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் முழு பலத்தோடு மிதித்துக் காலை எடுக்காமல் இருக்க வேண்டும், விட்டு விட்டுப் பிடிக்கும் வேலையை அது நொடிக்குப் பல முறை தானே செய்யும். அப்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். முதல்முறை அந்த அதிர்வை உணர்கிறவர் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுகிறார். கருவி சரியாக வேலை செய்த அதே நொடியில் நாம் அதை நிறுத்திவிடுகிறோம். இதை ஆர்டிஓ தேர்விலும் யாரும் கேட்பதில்லை.

உங்களுக்கு என் யோசனை இதுதான். 4 மீட்டருக்குள், பெட்ரோல், இஎஸ்சியும் 6 ஏர்பேக்கும் எல்லா வேரியண்ட்டிலும் உள்ள மாடலாக, பாரத் என்கேப் முடிவு வெளியானதாகப் பாருங்கள். முன்னால் அப்பா உட்கார்ந்தால் பின்னால் மூன்று பேர், ஆகவே நடுசீட்டுக்கும் தோளைத் தாண்டி வரும் பெல்ட்டும் தலைசாய்ப்பானும் இருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பாருங்கள். இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும் வண்டி உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். அடாஸ் உள்ள வேரியண்ட்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணம் கையில் தாராளமாக இருந்தால் வாங்குங்கள், மோதல் எச்சரிக்கைக்காக அது தகும். பணத்தை இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் அதை விட்டுவிடலாம், இஎஸ்சியை விடக்கூடாது. முன்னால் இரும்பு கார்டு போடாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதற்குத் தடை சொல்லிவிட்டது. நசுங்க வேண்டிய பகுதியை நசுங்க விடாமல் அடியை உள்ளே அனுப்பும், நடந்து போகிறவர் மேல் பட்டால் எலும்பை முறிக்கும்.

வண்டி கைக்கு வந்த முதல் ஞாயிறு, பின்னால் யாரும் இல்லாத காலி ரோட்டில், ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது, 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்துக் காலை எடுக்காமல் பிடியுங்கள். அந்த அதிர்வு காலுக்குப் பழகட்டும். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவரும் செய்து பார்க்கட்டும். மகளுக்கு ஒரு பூஸ்டர் சீட் வாங்குங்கள், ஆறு வயதுக்கு அது இல்லாமல் பெல்ட் கழுத்தில்தான் ஏறும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட் இல்லாமல் ஏற்றினால் 2019 சட்டத் திருத்தப்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று உங்கள் அம்மா சொல்வார்கள், முதல் பயணத்திலேயே கொஞ்சம் பிடிவாதமாக இருந்துவிடுங்கள். செங்கல்பட்டு வருவதற்குள் குழந்தை அந்த இடத்துக்குப் பழகிவிடும்.